பாலத்தின் சொந்த எடை

உறையைக் கிழிக்குமுன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பு மை தெரிந்தது. நிறையவே தெரிந்தது.

அங்கமுத்து சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ரப்பர் தோட்டத்துத் தபாலோடு என்னுடையதையும் அலோர் காஜா டவுனிலிருந்து எடுத்து வருகிறவன்.

“பாஸாயிட்டீங்களாய்யா?”

“இன்னும் ஒரு தாள் கிடக்கு. இரு, கோப்பி குடிச்சிட்டுப் போ.”

“வேணாங்கய்யா. ஆறு மணியானா காவக்காரன் கேட்ட சாத்திருவான்லா. வெளிய நின்னா சுட்டாலும் சுட்டுருவான்.”

போய்விட்டான்.

முன்பெல்லாம் எட்டு மணி வரை இந்தப் படியில் உட்கார்ந்து மாமியாரைத் திட்டுவான். நானும் சேர்ந்து திட்டுவேன். அந்தம்மாவை நான் பார்த்ததே இல்லை.

மலாயாவில் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கிற லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டிச் சுற்றி முள்வேலி போட்டார்கள். போட்டார்கள் என்ன, நான்தான் அளந்தேன், நான்தான் வரைந்தேன். மராமத்து இலாகாவில் எனக்கு அதுதானே வேலை.

என் குவார்ட்டர்ஸ் வேலிக்கு வெளியே, ரோட்டோரம். ஆறு மணிக்குப் பிறகு என்னிடம் பேச ஒரு நாதியில்லை.

படிப்பு இருக்கிறது. பொறியியலில் முதுநிலைப் பட்டம், லண்டனிலிருந்து தபாலில். கிடைத்தால் நான் இஞ்சினியர். கிடைக்காவிட்டால் பென்ஷன் வரைக்கும் டெக்னிக்கல் அசிஸ்டண்ட். டிசம்பர் வரைதான் எனக்காக அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியும் என்று பெரிய துரை சொல்லிவிட்டார்.

விடைகளைத் திருத்துகிறவர் மிஸ்டர் வில்கின்ஸ். சரியான கஞ்சன். விடை சரியென்றால் ஓரத்தில் ஒரு கீற்று, அவ்வளவுதான். தப்பென்றால்தான் எழுதுவார்.

ஆரம்பத்தில் ஒருமுறை, பாலத்தின் மேல் போகிற லாரிகளின் எடையையெல்லாம் கூட்டிவிட்டு, பாலத்தின் சொந்த எடையைச் சேர்க்க மறந்துபோனேன். அரைப் பக்கம் எழுதியிருந்தார். முடிவில், ‘உமது வயதில் நானும் இதே தப்பைச் செய்தேன். இங்கே பனி. மனைவி போனபிறகு சமையலும் நானே. உமது ஊரில் மழையா?’

அந்தத் தாளை எத்தனை முறை படித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இன்று வந்ததைப் பிரித்தேன்.

‘கனகரட்ணம், மற்றதையெல்லாம் இவ்வளவு துல்லியமாகச் செய்கிறவர், பாலத்தின் சொந்த எடையை மட்டும் எப்படி ஐயா ஒவ்வொரு தடவையும் மறக்கிறீர்? எனக்குப் புரியவே இல்லை. கடைசித் தாளிலும் விட்டீரானால் பரீட்சைக்கு அனுப்பமாட்டேன். இன்னும் ஒரு வருஷம் என்னோடுதான் மாரடிக்க வேண்டும். பி.கு: ரோஜா பூத்துவிட்டது.’

சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசித் தாளின் விடை போன வாரமே முடிந்து மேசைமேல் இருக்கிறது. காலையில் அங்கமுத்து வந்து வாங்கிக்கொள்வான். இன்னொருமுறை சரிபார்த்தேன். பாலத்தின் சொந்த எடை முதல் வரியிலேயே இருந்தது. அறுபத்திரண்டு டன். கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

வேலிப்பக்கம் கேட்டை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. நான் வரைந்த கேட். அதிலும் ஒரு பிசகும் இல்லை.

விளக்கை ஏற்றினேன்.

பிறகு புதுத் தாள் எடுத்து, விடை முழுவதையும் முதலிலிருந்து போட்டேன். அழகான கையெழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல். அறுபத்திரண்டு டன்னை மட்டும் சேர்க்கவில்லை.

ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: ‘இங்கே மழைதான். ரோஜா என்ன நிறம்?’