வெறும் வயிற்றில்

"ஓரமா நிறுத்துங்க" என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. வண்டி முழுதாக நிற்பதற்குள் கதவைத் திறந்து வெளியே குனிந்துவிட்டாள்.

ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பல் டாக்டரின் முகம் சுருங்கிவிட்டது. "நான் அவ்வளவு மோசமாவா ஓட்டறேன், மேடம்?"

"இல்ல சார், நல்லாத்தான் ஓட்டறீங்க. எனக்குத் தைராய்டு கம்மி. அதனால வர்ற குமட்டல்."

இந்த மாதத்தில் இதை அவள் ஒன்பதாவது ஆளிடம் சொல்கிறாள். ஒருவரும் நம்பவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளே வாந்தி எடுத்தால், ஓட்டுகிறவருக்கு வேறு என்னதான் தோன்றும்? ஏற்கெனவே இரண்டு பேர் எதிர் வரிசை டிரைவிங் ஸ்கூலுக்கு மாறியிருந்தார்கள்.

அவள் வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூலின் முதலாளி கோபப்படவில்லை. தன்மையாகத்தான் பேசினார். "பதினோரு வருஷமா இருக்கீங்க மேடம். உங்களை அனுப்ப எனக்கு மனசே வரல. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வந்துடும்."

வீட்டில் அவளுடைய தைராய்டுக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். கணவர்தான். பார்சல் கம்பெனியில், முகவரி ஒட்டும் பிரிவில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். தன் கை பட்ட பார்சல் ஒன்றுகூட இடம் மாறிப் போனதில்லை என்பதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

நான்கு மாதம் முன்பு, கம்பெனி செலவில் குடும்பத்துக்கு ரத்தப் பரிசோதனை என்றார்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த பெண்ணையும் அவர் விடவில்லை. "நீங்க குத்தறதோட நிறுத்திக்கங்கம்மா. மத்தது நம்ம டிபார்ட்மென்ட்" என்று பேர் ஸ்டிக்கரை வாங்கித் தானே ஒட்டிக் கொடுத்தார். அந்தப் பெண் தப்பித்தால் போதும் என்று கிளம்பிவிட்டாள்.

முடிவு வந்தது. அவருக்கு எல்லாம் நார்மல். அவளுக்குத் தைராய்டு கம்மி.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்குத் தட்டி எழுப்பி, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினார். "வெறும் வயித்துல போடணும். வாயைத் திற, முழுங்கிட்டியான்னு பாக்கணும்." மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் அரை மணி நேரம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். இவர் ஒரு பாதுகாப்புக்காக அதை ஒரு மணி நேரமாக்கினார். அந்த ஒரு மணி நேரமும் அவள் எதிரில் உட்கார்ந்து, சுடச்சுடத் தன் காபியைக் குடித்தார்.

அந்த வாசனைக்கே அவளுக்கு வயிற்றைப் பிரட்டும். பிரட்டல் காலையோடு நின்றால் பரவாயில்லை, சாயங்காலம் வரை கூடவே வந்தது. கைப்பையில் எலுமிச்சம்பழம், இஞ்சித் துண்டு, உப்பு பிஸ்கட், நாலைந்து காலி கவர். வேலைக்குப் போகிறாளா மலை ஏறப் போகிறாளா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்தது.

ராத்திரியானால் ஃபேன் சண்டை. அவளுக்கு வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். அவருக்கோ ஃபேன் சுற்றினாலே நடுக்கம்.

"ஊரே சாதாரணமாத்தான் இருக்கு. உன் தைராய்டுதான் உன்னை ஆட்டி வைக்குது" என்று ஸ்வெட்டர் பட்டனைப் போட்டபடி ஃபேனை நிறுத்துவார். சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியிலேயே குறட்டை கிளம்பிவிடும். உழைக்கிற உடம்பாம், அப்படித்தான் தூக்கம் வருமாம்.

ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். "ஒரு தடவை சரியா எடுத்தாச்சு. திரும்ப எதுக்கு? அவங்களுக்கு வேற வேலை இல்ல" என்று மேலதிகாரி அனுமதி மறுத்துவிட்டார்.

முதலாளியின் பேச்சைக் கேட்ட அன்று அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் குமட்டலைவிடப் பெரிதாக இருந்தது. நேராக லேபுக்குப் போய்க் கையை நீட்டினாள்.

ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் கிளம்பியபோது கணவரும் கிளம்பினார். "நீ ஒண்ணும் சரியா சொல்ல மாட்ட. நான் வர்றேன்." நோட்டில் அவளுடைய குறைகளை நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தார். டாக்டரம்மா முன்னால் கரகரத்த குரலில் பதினான்கு வரை படித்தார். ஏசி அறை வேறு. பதினைந்தாவதில் தலை தொங்கிவிட்டது.

டாக்டர் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார். புது ரிப்போர்ட்டைப் பார்த்தார். பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"மாத்திரையை இன்னையோட நிறுத்திடுங்க. உங்களுக்குத் தைராய்டு நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கறவங்க இதைத் தினமும் போட்டா குமட்டாம என்ன செய்யும்?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வேலை தப்பித்தது என்பதுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் கேட்டாள். "அப்ப அந்த முதல் ரிப்போர்ட்?"

டாக்டர் குறட்டை வந்த பக்கம் திரும்பி, அந்த ஸ்வெட்டரையும் உப்பிய முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அன்னிக்கு உங்க வீட்டுல எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தாங்க?"

"ரெண்டு பேருக்கு."

"டியூப்ல பேர் ஒட்டினது யாரு?"

கணவர் திடுக்கிட்டு விழித்தார். கடைசிக் கேள்வி மட்டும் காதில் விழுந்திருந்தது. தன் துறை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான்தான் டாக்டர். இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணுகூட மாறினதில்ல."