முள் மேல் பழி

“ஊருக்கெல்லாம் பிரஷர் மெஷின் ரிப்பேர் பண்றவரோட பொண்டாட்டி நீ. வீட்ல ஒரு தடவை கையை நீட்டியிருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா?”

டாக்டரம்மா விடுவதாக இல்லை. எட்டு மாதக் கர்ப்பிணிக்கு நூற்று எழுபது பிரஷர் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

“அவர் கூப்பிட்டாரு. நான்தான் சோம்பேறித்தனமா இருந்துட்டேன்” என்றாள் அவள். நாக்கு கனத்தது.

கையில் மெக்னீசியம் ஏறிக்கொண்டிருந்தது. பிரஷர் மூளையைத் தாக்கி வலிப்பு வராமல் இருக்க இதுதான் காவல், உடம்பு சுடும், தூக்கமாக வரும், பயப்படாதே என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். சொன்னபடியே வந்தது. வெயிலில் காய்ந்த போர்வைக்குள் சுருண்டு கிடப்பது போல ஒரு சுகம். கட்டில் மெல்ல மிதந்தது. ஜன்னல் திரை உப்பி உப்பித் தணிந்தது. உள்ளே குழந்தை ஒரு புரட்டல் புரண்டது. இத்தனை திட்டுக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

டாக்டரம்மா நகர்ந்ததும் மெக்கானிக் புருஷன் குனிந்தான்.

“எதுக்குப் பொய் சொன்னே?”

“உண்மை தெரிஞ்சா உங்களுக்கு யாருங்க வேலை கொடுப்பாங்க?”

உண்மை இதுதான். ரிப்பேர் முடிந்த எந்த மெஷினையும் அவள் கையில் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அவன் வெளியே அனுப்புவான். கல்யாணமான நாளாக அவளுக்கு நூற்றுப் பத்து, ஒரு கோடு கூட ஏறியதில்லை. அவள் கைதான் அவனுக்குப் படிக்கல். நேற்று முள் நூற்று அறுபதில் போய் நின்றது. மெஷினில்தான் கோளாறு என்று திறந்து, நூற்றுப் பத்துக்கு இறங்கும்வரை திருகித் திருகி வைத்தான். காலையிலிருந்து தலை வலிக்கிறது என்று அவள் சொன்னதை இரண்டு பேருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“ஏங்க, அந்த மெஷின் இப்ப எங்க?”

அவன் பார்வை வார்டைச் சுற்றி வந்தது. இதே ஆஸ்பத்திரியில்தான் இன்று காலை கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

தடுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கர்ப்பிணி, மண்டை பிளக்குது, கண்ணுல பொறி பறக்குது என்று முனகினாள். நர்ஸ் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

“நூத்தி இருபது. நார்மல்தாம்மா. வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கி எழுந்திரிங்க.”

அவன் எட்டிப் பார்த்தான். மெஷினில் அவன் ஒட்டிய ஸ்டிக்கர். “அதேதான்” என்றான்.

பாதித் தூக்கத்தில் அவள் அவன் கையை உதறிவிட்டாள். “வேலை போனாப் போகட்டும். போய்ச் சொல்லுங்க.”

அவன் ஓடிப்போய் டாக்டரம்மாவை வழிமறித்தான்.

“டாக்டர், என் பொண்டாட்டி உங்ககிட்ட சொன்னது பொய். அந்த மெஷின் சொல்றதும் பொய். ரெண்டுக்கும் நான்தான் காரணம்.”