கண்ணாடிக்குக் கீழே ஒரு கோடு

அவன் விரலை வைத்துக் காட்டினான்.

"இத மட்டும் அடியோட எடுத்துரு ஜாகிர்."

கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தது அமரர் ஊர்தி. கறுப்பு வண்டி. வாங்கிய டிரஸ்டுக்காரர்கள் என்ன நினைத்துக் கறுப்பை வாங்கினார்களோ, ஒரு கீறலும் அதில் ஒளியாது. ஜாகிர் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தான். பக்கவாட்டுக் கண்ணாடிக்குக் கீழே, ஒரு பெண் கை வைக்கும் உயரத்தில், நூற்றுக்கணக்கான கோடுகள் எழுந்து வந்தன.

வளையல் கோடுகள். மோதிரக் கோடுகள். நகக் கோடுகள்கூட உண்டு.

அந்த ஊர்ப் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனையோடு சரி. வண்டியின் இந்த இடத்தைத்தான் கடைசியாகத் தொடுவார்கள். பிறகு வண்டி மெல்ல நகரும். பிடித்த கைகள் ஒவ்வொன்றாக விடும். இருபது வருடமாக அவன் அப்படித்தான் எடுத்துவருகிறான்.

மாதம் ஒருமுறை வண்டியை ஜாகிரின் பாலிஷ் பட்டறைக்குக் கொண்டுவருவான். பெரிய மனிதர்களின் கார்களுக்கு நடுவே இதை நிறுத்த ஜாகிர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கிளேஸ் போடுவான். பால் மாதிரி ஒரு களிம்பு. தேய்க்கத் தேய்க்கக் கோடுகளுக்குள் இறங்கி நிரம்பிக்கொள்ளும். கறுப்பு, மழையில் நனைந்ததுபோல் ஆழமாகிவிடும். அதைக் காப்பாற்ற மேலே ஒரு கை மெழுகு. கோடுகள் அழிவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். நாலைந்து கழுவலில் மறுபடி தலைகாட்டும்.

இழவு வண்டிக்கு எதற்கய்யா இந்த அலங்காரம் என்று டிரஸ்டில் ஒருவர் கேட்டார்.

முந்தின வீட்டு அழுகையை அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாதுங்க என்றான் அவன்.

ஆனால் இன்று அவன் கிளேஸ் கேட்கவில்லை.

மற்றவை எல்லாம் குட்டிக் குட்டிக் கோடுகள். இது ஒரு முழம். கண்ணாடியின் நடுவில் தொடங்கிப் பின்விளக்கை நோக்கி நேராக ஓடியது. பிடித்த கை விடுவதற்குள் வண்டி நகர்ந்தால்தான் இப்படி விழும்.

ஜாகிருக்கு அது தெரியும். எந்த வீட்டில் விழுந்தது என்பதும் தெரியும். இவன் மகள் செவ்வந்திக்கு மாலை வாங்கிக்கொண்டு ஓடி வந்தவன் ஜாகிர்.

பதினேழு வயது. மூன்று நாள் காய்ச்சல்.

வேறு டிரைவரை அனுப்புகிறோம் என்றார்கள் டிரஸ்டில். என் பிள்ளையை நானே கொண்டுபோகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டான். தெருமுனை வரை ஊர்ந்துவந்து நிறுத்தினான். அவன் மனைவி பஞ்சவர்ணம் கண்ணாடிக்குக் கீழே கையை விரித்து வண்டியைக் கட்டிக்கொண்டாள். அவள் சொல்லி அழுத ஒவ்வொரு சொல்லும் அவன் காதில் விழுந்தது.

தாங்க முடியவில்லை.

யாரும் எடு என்று சொல்லவில்லை. எடுத்துவிட்டான்.

நான்கு மாதம் ஆகிறது. அவள் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேளைக்குச் சோறு போடுகிறாள். சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தருகிறாள். கேட்டுத் தொலைத்தால்கூடத் தேவலை என்றிருக்கிறது அவனுக்கு.

ஜாகிர் அந்தக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தான்.

"மிஷின் வச்சு மேல்பூச்ச அறுத்தாத்தாண்ணே இது போகும். இந்தப் பக்கம் ஏற்கெனவே ரெண்டு தடவ அறுத்தாச்சு. இன்னொரு தடவ வச்சா பெயிண்டே வந்துரும்."

அவன் மறுபடி அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தான்.

"நிரப்பத்தாண்ணே முடியும்" என்றான் ஜாகிர், தரையைப் பார்த்துக்கொண்டு.

நிரப்பினான். மற்ற நாளைவிட அந்த இடத்தில் அதிக நேரம் நின்றான்.

மதியம் பழனி ரோட்டிலிருந்து அழைப்பு வந்தது. கல்யாணமாகாத பையன், பைக் விபத்து. மூன்று மணிக்கு ராகு காலம், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஆளுக்கு ஆள் பறந்தார்கள்.

தெருமுனையில் நிறுத்தினான். பெண்கள் வந்து சூழ்ந்தார்கள். ஒவ்வொருவராக விலக, பையனின் அம்மா மட்டும் நின்றாள். கண்ணாடிக்குக் கீழே இரண்டு கையையும் ஊன்றி, கன்னத்தைக் கறுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எடுப்பா, எடு. நேரமாகுது" என்று முன்னால் யாரோ பானட்டைத் தட்டினார்கள்.

அவன் கால் ஆக்சிலேட்டரில் இருந்தது.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.

"என்னய்யா, நிறுத்திட்ட?"

"இருங்க."

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அன்றைக்குப் பஞ்சவர்ணத்தை இப்படிப் பார்க்கத் துணியவில்லை. இந்த அம்மா உள்ளே இருப்பவனிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். அழுகைகூட இல்லை, வெளியூருக்குப் பஸ் ஏற்றிவிடும் பேச்சு மாதிரி இருந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. மாமன்காரர் ஒருவர் கதவருகே வந்து கத்தினார். அவன் அசையவில்லை.

அவள் பேசி முடித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். யாரும் பிடித்து இழுக்கவில்லை. தானாகவே ஓர் அடி பின்னால் வைத்து நின்றாள்.

"கூட்டிட்டுப் போப்பா" என்றாள்.

மணியைப் பார்த்தான். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அன்று பஞ்சவர்ணத்துக்கும் இவ்வளவு போதுமாயிருந்திருக்கும்.

எல்லோரும் விலகி வழி விட்டாயிற்று. எடுப்பா, எடுப்பா என்று நான்கு பக்கமும் குரல்.

சாவியைத் திருப்ப அவனுக்குத்தான் கை வரவில்லை.