வண்டி ஆறும் வரை

டயரைப் பார்க்கவில்லை. உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கார் வாங்க வந்தவள் கேட்டைத் திறந்து நேராக வந்து பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

விற்க நின்றவன் அந்தக் கையையே பார்த்தான்.

காலை ஏழு மணி. போர்ட்டிகோ நிழல். இரவெல்லாம் நின்ற வண்டி சில்லென்று இருந்திருக்க வேண்டும்.

பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல அவள் கையை எடுக்காமலே வைத்திருந்தாள்.

“சூடா இருக்குதுங்களே.”

இருக்காதா பின்னே? ஐந்து மணிக்கே எழுந்து அவிநாசி சாலையில் இரண்டு நடை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியிருந்தான். எல்லாம் ஒரு மூன்று விநாடிச் சத்தத்தை மறைக்க.

எஞ்சின் ஆறிக் கிடந்து கிளப்பினால், முதல் மூன்று விநாடி தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோல இருக்கும். உள்ளே டைமிங் செயின் தளர்ந்துவிட்டது. சூடாக இருந்தால் சத்தம் வராது.

செயினின் விலை பெரிதில்லை. அது இருக்கிற இடம்தான் பெரிது. எஞ்சினையே கீழே இறக்கினால்தான் அங்கே கை போகும். ஆறு லட்சம் என்றார் மெக்கானிக்.

பதினோரு வருடப் பழசான வண்டி. எட்டு சிலிண்டர். கோடி ரூபாய் வண்டி அடிமாட்டு விலைக்கு வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டவன் அவன். விலைதான் இறங்கியிருந்தது. செலவு கோடி ரூபாய் வண்டியின் செலவாகவே இருந்தது.

“யானையைக் கட்டித் தீனி போட நம்மால ஆகாது. இந்த மாசம் அது போகோணும். இல்லீன்னா நான் போறேன்.” மனைவி வனிதா சிரிக்காமல் சொல்லிவிட்டாள்.

ஏற்கெனவே நான்கு பேர் வந்து, சத்தம் கேட்டு, போன வழியே போய்விட்டார்கள்.

இவள் ஐந்தாவது. சுபாஷிணி. பல்லடத்தில் ஒரு நூல் ஆலையில் மெஷின் பராமரிப்பு. பஸ்ஸில் வந்திருந்தாள்.

“ஆறட்டும்ங்க. நான் இருக்கறேன்.”

இருந்தாள்.

வாசற்படியில் உட்கார்ந்து, நான்கரை மணி நேரம். வனிதா கொடுத்த காபியைக் குடித்தாள். பிறகு மோர். செல்போனை எடுக்கவே இல்லை. வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குள் போகவும் கால் வரவில்லை. வேறு வழியின்றி அவனும் பார்த்தான்.

வெயில் படி ஏறி, சக்கரம் தொட்டு, மெதுவாகக் கதவில் படர்ந்தது. கறுப்பு என்று நினைத்திருந்த இடமெல்லாம் நீலம். கூரையிலிருந்து பின்பக்கம் வரை எங்கும் தடைபடாமல் ஒரே ஒரு கோடு வழிந்து இறங்கியது. யாரோ ஒருவர் அதை மூச்சுப் பிடித்துக்கொண்டு வரைந்திருக்க வேண்டும்.

இவ்வளவு அழகா இது?

அவனுக்கே மலைப்பாக இருந்தது. எட்டு மாதமாக டாஷ்போர்டில் எந்த விளக்கு எரிகிறது என்பதை மட்டுமே பார்த்திருக்கிறான்.

பதினொன்றரைக்கு அவள் எழுந்து மறுபடி கை வைத்தாள். தலையசைத்தாள்.

அவன் உள்ளே உட்கார்ந்தான். விரல் தானாகப் பாட்டுப் போடப் போயிற்று. தினமும் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவான். தன் காதையே ஏமாற்றிக்கொண்ட பிழைப்பு.

விரலை எடுத்துக்கொண்டான்.

பொத்தானை அழுத்தினான்.

ஒன்று. இரண்டு. மூன்று. ஆணிகள் அத்தனையும் குலுங்கின.

அப்புறம் எட்டு சிலிண்டரும் ஒன்றுகூடின. தரை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி முனகியது. ஆழத்திலிருந்து ஒரு குரல் எழுந்து, நிதானித்து, நின்றது.

மட்கார்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கண்மூடி நின்றிருந்தாள் அவள். முன்கையில் மயிர் சிலிர்த்திருந்தது.

“அம்மாடி,” என்றாள்.

அவன் எஞ்சினை அணைத்தான். இனி எதை மறைக்க?

“எட்டு மாசமா இருக்குதுங்க. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் காலைல ஓட்டிட்டு வந்தேன்.”

“தெரியுமுங்க. இந்த எஞ்சினுக்கு அது வரும்.”

கோபமே இல்லை. ஆறு லட்சத்தைக் கழித்து ஒரு விலை சொன்னாள். நியாயமான விலை. அங்கேயே பணத்தை அனுப்பினாள். வாசலில் நின்ற வனிதா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அவன் சாவியை நீட்டினான்.

“பாத்து ஓட்டுங்க. பல்லடம் ரோட்டுல லாரி ஜாஸ்தி.”

“ஓட்டறதா?”

நிஜமாகவே திடுக்கிட்டுப் பார்த்தாள்.

“செயின் அறுந்தா எஞ்சினே போயிருமுங்களே. மாத்தற வரைக்கும் இனி ஸ்டார்ட்டே பண்ணக் கூடாதுங்க.”

எட்டு மாதம் தினமும் ஓட்டியவன் தலையைக் குனிந்துகொண்டான். இன்று காலையில் மட்டும் இரண்டு நடை.

ரெக்கவரி லாரி வந்து சேர ஒரு மணி நேரமாயிற்று. வண்டியைக் கம்பி கட்டி மேலே இழுக்கும்போது அவள் கூடவே நடந்தாள். சக்கரத்தைக் கட்டும் பட்டையை டிரைவரிடமிருந்து வாங்கி, தானே இறுக்கினாள். ஒரு தடவை தளர்த்தி, மறுபடி அளவாக இறுக்கினாள்.

டிரைவர் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு வந்தான்.

“வண்டி யாருதுங்க?”

ஆர்.சி.யில் பெயர் மாற இன்னும் ஒரு மாதம் ஆகும்.

அவன் அவளைக் காட்டினான்.