ரீசெட் பொத்தான்

சோதனை அறையில் அந்தக் கணினி மறுபடி உறைந்துபோனது. ரீசெட் பொத்தானை அழுத்தப் போன சக ஊழியர் சகாயத்தின் கையைத் தட்டிவிட்டாள் மங்களேஸ்வரி. "தொடாதீங்க. அழுத்தினா தடயமெல்லாம் போயிரும்." போன வருஷம் இதைச் சொல்லித்தான் அவளிடம் வேலை பார்த்த இன்பராஜ் கெஞ்சினான். "ஒரே ஒரு தடவை அப்படியே விட்டுப் பாருங்கக்கா. தப்பு நான் எழுதின புரோகிராம்ல இல்ல." "சாக்கு சொல்லாதடா" என்று அவளேதான் பொத்தானை அழுத்தினாள். பழி அவன்மேல் விழுந்தது, வேலையும் போனது. இன்று உறைந்த நினைவகத்தை வரிவரியாகப் படித்தாள். மற்ற நிரல்கள் நுழையாதபடி ஒரு பூட்டைப் போட்டுவிட்டுத் திறக்க மறந்து, மொத்தக் கணினியையும் காக்க வைத்திருந்தது அவள் எழுதிய நிரல். இன்பராஜுக்குப் போன் போட்டாள்.

"அந்த மெஷின இன்னிக்கு ரீசெட் பண்ணாம விட்டுப் பாத்தேன்டா."



"தப்பு யாரோடதுக்கா?" என்றான்.

திரையில் கடிகாரம் பதினொன்று நாற்பதிலேயே நின்றிருந்தது.