இரண்டு மணிக்கு வருகிறவன்

"இந்தக் கட்டில்லதானே என்னைக் கட்டிப் போட்டிருந்தீங்க?"

வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார் ஒட்வார். ஒரு கை கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தது. உள்ளே காலை வைக்க மனசு வரவில்லை.

"யாரும் கட்டலை. சும்மா உள்ள வாங்க, கட்டில் ஒண்ணும் கடிக்காது" என்றாள் நர்ஸ் குன்வோர்.

ஆகஸ்டில் பதினாறு நாள், தீவிர சிகிச்சைப் பிரிவின் இந்த அறையில் வாயில் செருகிய மூச்சுவிடும் குழாயோடு கிடந்தவர் அவர். அப்படிக் கிடந்து பிழைத்தவர்களை மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டு, படுத்திருந்த இடத்தைக் காட்டி, அவர்களுக்காக நர்சுகள் எழுதி வைத்த நாட்குறிப்பையும் படித்துக் காட்டுவது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். மயக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பயங்கள் அதிலேயே பாதி கரைந்துவிடும்.

ஒட்வாருக்குக் கரைந்தே ஆக வேண்டும். வியாழக்கிழமை அவருக்கு இதய வால்வு மாற்றுகிறார்கள். மாற்றாவிட்டால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாற்றினாலோ, மூன்று நாளாவது இதே பிரிவில் படுத்திருக்க வேண்டும். "செத்தாலும் அங்க போக மாட்டேன்" என்கிறார். ஃப்ரோயா தீவில் முப்பது வருஷம் மீன்பிடிப் படகு ஓட்டி, எத்தனையோ புயலைப் பார்த்த மனுஷர், பாவம். மகள் தூவா அழுது, சண்டை போட்டு, இந்த வாசல் வரைக்கும் கூட்டி வந்திருந்தாள். அவள் காப்பி வாங்கக் கீழே போயிருந்தாள்.

"கறுப்புத் துணியால என் கண்ணை மறைச்சீங்க. காதையும் அடைச்சீங்க. கொல்லப் போறவனைத்தானே அப்படிச் செய்வாங்க?"

குன்வோர் நோட்டைப் பிரித்து வாசித்தாள். "'ஆகஸ்ட் ஒன்பது. ஒட்வார், நாலு நாளா உங்களுக்குத் தூக்கமே இல்லை. தூக்க மருந்து கொடுத்தா குழப்பம் கூடுது. அதனால வெளிச்சம் படாம கண்ணுக்குப் பட்டை, இரைச்சல் கேட்காம காதுக்கு அடைப்பான்.' என் கையெழுத்துதான், பாருங்க."

"கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிக்கிட்டுப் போனீங்களே? கடல்ல கவுக்கத்தானே?"

"கடலா? எட்டிப் பாருங்க, கீழ சைக்கிள்தான் நிக்குது. பகல் எது, ராத்திரி எதுன்னு உடம்புக்குத் தெரியணும். அதுக்காக முகத்துல வெளிச்சம் பட வெச்சோம்."

ஒட்வாரின் உதடு லேசாக விரிந்தது. இரண்டடி உள்ளே வைத்தார். அப்போதுதான் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. இரண்டு மணி ஆக ஐந்து நிமிஷம். அங்கேயே நின்றுவிட்டார்.

"ரெண்டு மணிக்கு அவன் வருவான்."

"யாரு?"

"தெரியாது. தினமும் வருவான். முதல்ல சத்தமெல்லாம் அடங்கும். விளக்கு மங்கும். நீங்க ஒருத்தரும் கிட்ட வர மாட்டீங்க. நீங்களும் அவனுக்கு உடந்தைன்னு நினைச்சேன். அப்புறம் அவன் குரல், என் தலைக்குள்ளயே. 'கண்ணை மூடு. மூடலை, மலையிலேர்ந்து இறங்கி வந்து உன் கால் விரலை ஒண்ணொண்ணாக் கடிச்சுத் தின்பேன்'னு. எலும்பு நொறுங்குற சத்தம் கேக்கும்மா. என்னால கத்த முடியலை. காலை இழுத்துக்க முடியலை."

நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"மத்ததெல்லாம் பிரமை, ஒத்துக்கறேன். அவன் பிரமை இல்லை. அந்தக் குரலை எங்க கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்."

குன்வோர் நோட்டை மறுபடி எடுத்தாள். வேகமாகப் பக்கங்களைப் புரட்டினாள்.

"மத்தியானம் ரெண்டு மணி... அது இங்க நோயாளிங்களுக்கு ஓய்வு நேரம். விளக்கைக் குறைச்சிடுவோம், ஊசி, சோதனை எதுவும் கிடையாது. அதான் யாரும் கிட்ட வரலை. அப்புறம்..." அவள் விரல் ஒரு வரியில் நின்றது. "'நெருங்கினவங்க குரல் காதுல விழுந்தா நோயாளி நிம்மதியாத் தூங்குவார்னு சொன்னோம். மகள் தூவா ஒரு பதிவு கொண்டு வந்தாங்க. தினமும் ரெண்டு மணிக்கு ஹெட்போன்ல போடறோம்.'"

"என்ன பதிவு?"

"தெரியலை" என்றாள் குன்வோர், தணிந்த குரலில். "நாங்க யாரும் கேட்டுப் பார்க்கலை."

மூன்று காப்பிக் கோப்பையைக் கையில் இடுக்கிக்கொண்டு தூவா உள்ளே வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"யாருடி அவன்?" என்றார் ஒட்வார். "மலையிலேர்ந்து வந்து என் விரலைத் தின்பேன்னவன்? நீ விரட்டிவிட்டியே, அந்தப் பழைய புருஷனா?"

"விரலையா?" தூவாவின் கையில் காப்பி தளும்பியது. "ஐயோ அப்பா, அதுவா உங்களை இவ்வளவு..."

"எவனா இருந்தாலும் சரி. அவனை இந்த வாசலுக்கு வெளிய நிறுத்துங்க. அவன் வர மாட்டான்னு சத்தியம் பண்ணுங்க, நான் வியாழக்கிழமை வந்து படுத்துக்கறேன்."

தூவா கோப்பைகளை ஜன்னல் மேடையில் வைத்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"அப்ப எனக்கு அஞ்சு வயசுப்பா. தூங்க மாட்டேன்னு அடம் பிடிப்பேன். நீங்க கடலுக்குப் போயிட்டா, மலைப் பூதம் மாதிரி நீங்க பேசிப் பதிஞ்சு வெச்ச கேசட்டைத்தான் அம்மா போடுவா. காய்ஞ்ச ரொட்டியை மைக்குக்கிட்ட வெச்சுக் கடிச்சிருப்பீங்க. அப்பா பக்கத்துலயே இருக்கார்னு நான் உடனே தூங்கிடுவேன். உங்களுக்கும் தூக்கம் வரும்னுதான் அதைப் போன்ல ஏத்திக் கொடுத்தேன்" என்றவள், அவர் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். "அவனை வெளிய நிறுத்திட்டா, வியாழக்கிழமை யாருக்குப்பா வால்வு மாத்துவாங்க?"