ஏழு கார்னேஷன் பூக்கள்

கல்லூரி அரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நெவெனா அம்மாளின் மடியிலிருந்த கார்னேஷன் பூக்களை டீன் வெலிஸார் தூரத்திலிருந்தே எண்ணிவிட்டார். ஏழு.

"பாரும்மா, ஏழு!" என்று செயலாளர் யோனாவிடம் கிசுகிசுத்தார். "உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் ஒத்தைப்படை, செத்தவங்களுக்கு ரெட்டைப்படை. பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கிழவிக்கு மறந்துபோச்சு."

"பாவம் சார், எழுபத்தெட்டு வயசு."

"என்ன பாவம்? நமக்கு நல்லதுதான். படிச்சுப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுடுவா."

கையெழுத்து வாங்க வேண்டிய காகிதம் டீனின் கோட்டுப் பையில் மூன்றாக மடிந்திருந்தது. மறைந்த உளவியல் பேராசிரியர் ஸ்லாவி ட்ராகோவின் நாற்பத்தோரு ஆய்வுக் குறிப்பேடுகளைக் கல்லூரிக்குக் கொடுக்கச் சம்மதம் என்று அவர் மனைவி நெவெனா அதில் ஒப்பமிட வேண்டும். குறிப்பேடுகள் வந்தால் தலைநகர் சோபியாவிலிருந்து ஆய்வு மையத்துக்கு அனுமதி கிடைக்கும்; மையம் வந்தால் வெலிஸார் அதன் இயக்குநர். ஆறு ஆண்டுகளாக டீன் நினைவுச் சொற்பொழிவு நடத்துவது இந்த ஒரு கையெழுத்துக்காகத்தான்.

ட்ராகோவோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அழைப்பு அனுப்பும் வழக்கம் இல்லை. வருகைப் பதிவைக் காட்டிப் பயமுறுத்தி இழுத்து வந்த நூற்றிருபது மாணவர்கள் கைப்பேசியில் தலை கவிழ்ந்திருந்தார்கள்.

மேடைச் சுவரில் கறுப்பு நாடா கட்டிய பெரிய படம். அதற்குக் கீழே ஹீட்டர் குழாய் ஒழுக, பாய்லர் பார்க்கும் ஸ்தாமென் வாளியோடு வந்தார். சர்க்கரை தூவிய அவித்த கோதுமையை யோனா அவரிடம் நீட்டினாள். இறந்தவர் பெயரால் ஆளுக்கு ஒரு கரண்டி.

"வேண்டாம்மா. எனக்கு இது தொண்டையில இறங்காது."

"ஆறு வருஷமா இதே கதைதான்," என்றார் டீன். "கரி அள்ளுற கைக்குக் கொழுப்பைப் பார்! செத்தவருக்காக ஒரு வாய் தின்னா குறைஞ்சா போயிடுவே?"

"அதில்லைங்கய்யா. அந்தப் படத்தைப் பத்தித்தான்..."

"கோணலா இருந்தா நேரா மாட்டு. வருஷா வருஷம் வந்து தலையைச் சொறியாதே. வாளியை வச்சிட்டு ஓரமா நில்லுய்யா."

ஸ்தாமென் படத்துக்குக் கீழே சுவரோடு சுவராக நின்றுகொண்டார். டீன் முகத்தை மாற்றிக்கொண்டு முன்வரிசைக்குப் போய் நெவெனா அம்மாளிடம் குனிந்தார்.

"அம்மா! அஞ்சு வருஷம் வராம எங்களை ஏமாத்திட்டீங்களே."

"வார்னாவுல மக வீட்டுல இருந்தேன். அழைப்பிதழெல்லாம் பூட்டின வீட்டுல வந்து கிடந்திருக்கு. போன வாரம்தான் பிரிச்சேன். அதுல போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் நேர்ல வந்தே ஆகணும்னு தோணிடுச்சு."

"தோணாதா பின்னே? நானே தேர்ந்தெடுத்த படம்மா. பழைய ஊழியர் குரூப் போட்டோவுலேர்ந்து பெரிசாக்கினது."

"என் வீட்டுக்காரரை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! அவர் காலடியில உட்கார்ந்து கத்துக்கிட்டவன் நான். அந்தக் கண்ணை மறக்க முடியுமா?" டீன் படத்தைக் கைகாட்டினார்.

ட்ராகோவ் இறந்து எட்டு மாதம் கழித்துத்தான் வெலிஸார் இந்த ஊருக்கே ரயில் ஏறினார். நெவெனா அம்மாள் படத்தையும் டீனையும் மாறி மாறிப் பார்த்தார். பூக்களை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அன்றைய தலைப்பு, 'கண்ணெதிரே இருப்பதைக் காணாத மனிதன்'. ட்ராகோவ் ஆயுள் முழுக்க ஆராய்ந்த விஷயம் அது. டீன் ஐம்பது நிமிடம் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை விளக்கினார்.

"இதோ, இந்த நிமிடமும் அவர் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்!" என்று குரல் தழுதழுக்க முடித்தார். பின்னால் வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. மாணவர்கள் நிமிராமலே கைதட்டினார்கள்.

டீன் இறங்கி வந்து காகிதத்தை விரித்து, பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தார். "இங்கேம்மா. ஒரே ஒரு கையெழுத்து."

நெவெனா அம்மாள் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்தார். "முதல்ல பூவைக் கொடுத்துடறேன்."

"ஒண்ணை உருவிடும்மா, மானம் போகுது," என்று டீன் யோனாவிடம் பல்லைக் கடித்தார். யோனா கையை நீட்டினாள்.

"எண்ணித்தான்ம்மா வாங்கினேன்," என்றார் நெவெனா அம்மாள்.

மெல்ல மேடையேறினார். படத்துக்கு முன்னால் பூ வைக்கப் போட்டிருந்த மேசையைத் தாண்டி நடந்தார். ஈரம் சொட்டிய காம்புகளில் அந்தக் காகிதத்தைச் சுற்றி, ஏழு பூக்களையும் ஸ்தாமெனின் கையில் கொடுத்தார்.

"நூறு வயசு நல்லா இருங்க, ஸ்தாமென்."

"ஐயோ அம்மா, அது பாய்லர் ஆளு!" டீன் மேடைக்கு ஓடினார். "பேராசிரியர் மேலே சுவர்ல இருக்கார்!"

ஸ்தாமென் பூக்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு டீனிடம் பணிவாகக் கேட்டார்:

"ஐயா, இப்பவாவது என் படத்தைக் கழட்டித் தர்றீங்களா?"